ரைவல் என்று எழுதியிருந்தது

ஏப்ரல் 15, செவ்வாய்

காலை 138/88. மதியம் 152/96.

டாக்டரம்மா பிரஷரை மட்டும்தான் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதற்காக மகள் நித்திலா கோயம்புத்தூரிலிருந்து ஒரு டைரியே வாங்கி அனுப்பிவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம். இரண்டு எண்ணை எழுதிவிட்டு மீதியைச் சும்மா விட எனக்கு மனசு வரவில்லை.

மதியம் ஏறியதற்குக் காரணம் இருக்கிறது. பதினொரு மணிக்குத் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவரைக் கொடுத்தார். வக்கீல் நோட்டீஸ். அனுப்பியது அடுத்த வீட்டுச் சகாயராணி.

பதினோரு வருஷமாக அடுத்தடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே போர்வெல், ஒரே மோட்டார். பத்திரத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒற்றைப்படைத் தேதியில் நான் தண்ணீர் ஏற்றிக்கொள்ள வேண்டும், இரட்டைப்படைத் தேதியில் அவள். முப்பத்தொன்றாம் தேதி மட்டும் பொது. நான் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். அவள் வீட்டுக்குப் பின்னால் ரோஜாக் கன்று நர்சரி வைத்திருக்கிறாள். இரண்டு பேருக்குமே தண்ணீர்தான் பிழைப்பு.

போன செவ்வாய், எட்டாம் தேதி, மோட்டார் எரிந்துபோனது. எட்டு இரட்டைப்படை. இரட்டைப்படை அவள் முறை. எரித்தது நான்தானாம். இதில் எனக்கு என்ன சம்பந்தம்? நான் பாட்டுக்கு அன்றைக்கு இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் நித்திலாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் ஒரே கருகல் வாடை, உடனே ஓடிப்போய்

(மேலே பாதியில் நிற்கிற வரியை அடித்துவிட்டேன். இது டாக்டரம்மா பார்க்கிற டைரி.)

நோட்டீஸ் முழுக்க இங்கிலீஷ். நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழில் படித்தவள். எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் பாதிதான் வரும். லோசனி என்ற என் பெயரை லோசினி என்று போட்டிருக்கிறார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். இரண்டாம் பக்கத்தில் என் பெயரை ஒட்டி ஒரு சொல் நிற்கிறது. ஆர், ஐ, வி, ஏ, எல். ரைவல்.

என்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிகிறது. என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 16, புதன்

144/92.

நித்திலாவிடம் போனில் கேட்டேன்.

"எதிரி மாதிரிம்மா. போட்டிக்காரி."

"எதிரியா, போட்டிக்காரியா? ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும்தான். ஆபீஸ்ல இருக்கேன், அப்புறம் பேசவா?"

எனக்கும் சகாயராணிக்கும் என்ன போட்டி? அவள் மாவு அரைக்கிறாளா, நான் ரோஜாக் கன்று விற்கிறேனா?

ஏப்ரல் 17, வியாழன்

150/94. தண்ணீர் லாரி வந்தது. எனக்கு நான்கு டிரம், அவளுக்கு ஆறு. ஒரே குழாய்ப் பக்கம் நின்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம். "யாரைப் பாத்து ரைவல்னு எழுதுற?" என்று கேட்டுவிட்டேன். லாரிக்காரர் குழாயைப் பிடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் திருதிருவென்று விழித்தாள். எழுதத் தெரிகிறது, சொல்லத் தெரியாதா?

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள். இந்த வெயிலில் குடை இல்லை. வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறாள், முட்டி வலி திரும்ப வந்திருக்கும். நான் பார்க்கவில்லை. கண்ணில் பட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். வருஷா வருஷம் மதியம் பன்னிரண்டரைக்கெல்லாம் அவள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் மட்டன் குழம்பு வந்துவிடும். இந்த வருஷம் வராது என்று எனக்குத் தெரியாதா? நான் ஒன்றும் காத்திருக்கவில்லை. பசிக்காததால் இரண்டு மணி வரைக்கும் சாப்பிடாமல் இருந்தேன்.

சாயங்காலம் அரிசி கழுவிய தண்ணீரை மதில் மேலே சாய்த்து அந்தப் பக்கம் ஊற்றினேன். கன்றுகளெல்லாம் இலை சுருண்டு கிடக்கின்றன. கழுவிய தண்ணீரை எங்கேயாவது ஊற்றத்தானே வேண்டும்.

பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

146/90.

கிளை நூலகத்துக்குப் போனேன். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் முதல் முறை. நூலகர் பெயர் காதர் மொய்தீன். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்.

"சார், ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் வேணும்."

"என்ன வார்த்தைம்மா?"

"ரைவல்."

ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினார். "போட்டியாளர். எதிராளி. மாற்றான்."

"மாற்றான்னா?"

"பகைவன்."

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம் ஒரே தண்ணீரைக் குடித்தவளைப் போய்ப் பகைவன் என்று எழுதியிருக்கிறாள். அதிலும் ஆண்பால்.

"இவ்வளவுதானா சார்? வேற நல்ல அர்த்தம் எதும் இருக்காதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நல்ல அர்த்தம் வேணும்னா அது பொறந்த எடத்துக்குப் போகணும். பெரிய அகராதி ஒண்ணு மேல பீரோவுல இருக்கு. சாவியைத் தேடி வைக்கிறேன், வியாழக்கிழமை வாங்க. ஆமா, யாரு உங்கள அப்படிச் சொன்னது?"

"என்னைய யாரும் சொல்லல சார். சும்மா, பொது அறிவுக்கு."

ஏப்ரல் 24, வியாழன்

138/88.

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

நான் நூலகத்துக்குள் நுழைந்தபோது காதர் மொய்தீன் சாரின் மேஜைக்கு முன்னால் நாற்காலியில் சகாயராணி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் பெரிது பெரிதாக ஐந்து எழுத்து. நான் அன்றைக்கு லாரிக்குப் பக்கத்தில் கத்தியதைக் காதில் வாங்கி, வக்கீலாக இருக்கிற தன் அக்கா மகன் நோட்டீஸில் என்ன எழுதித் தொலைத்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள்.

சார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "ரெண்டு வருஷமா இந்த லைப்ரரியில ஒருத்தரும் அகராதி கேக்கல. ஒரே வாரத்துல ரெண்டு பேரு, ஒரே வார்த்தை. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களா?"

"இல்ல" என்றோம். அது மட்டும் ஒன்றாக வந்தது.

இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரிய அகராதியைத் திறந்து தூசியை ஊதினார். எங்கள் இரண்டு பேருக்கும் தும்மல்.

"இது லத்தீன்லருந்து வந்தது. ரீவுஸ்னா ஓடை, வாய்க்கால். அதுலருந்து ரிவாலிஸ். ரிவாலிஸ்னா..." விரலை வைத்துப் படித்தார். "ஒரே ஓடையில தண்ணி எடுக்கிற இன்னொருத்தர்."

நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்த்திருக்க மாட்டாள்.

"அப்ப இங்கிலீஷ்ல ஆத்துக்கு ரிவர்ங்கிறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா சார்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. அது வேற. ரீபான்னா கரை, அதுலருந்து வந்தது ரிவர். பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், சொந்தமில்ல."

சகாயராணி சீட்டை மடித்துக்கொண்டே கேட்டாள். "தண்ணி எடுக்கிறவங்கன்னா நல்ல வார்த்தைதானே? அப்புறம் எப்படி எதிரின்னு ஆச்சு?"

"ஒரே வாய்க்கால்ல ரெண்டு பேரு தண்ணி எடுத்தா என்னம்மா ஆகும்? ரோமாபுரிச் சட்டப் புத்தகத்துலயே இந்த ரிவாலிஸ்காரங்க தகராறு வருது. யாரு எவ்வளவு எடுக்கலாம், யாரு தடுத்தாங்கன்னு."

"அங்கயும் மோட்டார்தானா?"

"அப்ப ஏதும்மா மோட்டார்?"

"அப்ப எதை எரிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு, அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

நான் அகராதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னச் சின்ன எழுத்து.

சார் தொண்டையைக் கனைத்தார். "பின்னாடி அந்த வார்த்தை இன்னொண்ணுக்கும் ஆகிப்போச்சு. ஒரே பொண்ண ரெண்டு ஆம்பளைங்க விரும்புனா, அவங்களுக்கும் இதே பேருதான்."

"சக்களத்தி மாதிரி" என்றாள் சகாயராணி.

"ஆமா... அது வந்து... கிட்டத்தட்ட" என்று சார் பக்கத்தைத் திருப்பினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான், ஆனால் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டாள்.

அப்போது என் வாயிலிருந்து தானாக வந்தது. "அப்ப பங்காளின்னு சொல்லுங்க சார்."

"என்னம்மா?"

"பங்கு போட்டுக்கிறவன்தானே பங்காளி? ஒரே சொத்துல பங்கு. ஆனா பங்காளின்னு சொன்னவுடனே நமக்குச் சண்டைதானே ஞாபகத்துக்கு வருது. நம்ம வார்த்தையும் அதே வழியிலதான் போயிருக்கு."

சார் ஒரு பென்சிலை எடுத்து ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். "இது இந்தப் புத்தகத்துல இல்லம்மா" என்றார். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வாசலில் செருப்புப் போடும்போது அவள் சொன்னாள், "அவன் என்ன எழுதுனான்னு எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடு சித்தின்னான், போட்டேன்."

"சரி."

"மோட்டாரை வெளிய எடுத்துப் பாத்துருவோம். எப்படி எரிஞ்சுச்சுன்னு மெக்கானிக் சொல்லட்டும். அவரு சொன்னா நான் ஒத்துக்கிறேன். நீ ஒத்துக்குவியா?"

"ஒத்துக்கிறேன்" என்றேன். வேறென்ன சொல்வது.

ஏப்ரல் 26, சனி

156/98. மாவு புளித்துவிட்டது. உப்பைக் கூடப் போட்டுவிட்டேன். இரண்டு கடைக்காரர்கள் போன் செய்து கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வருகிறார்.

எரிந்த மோட்டாரைப் பார்த்து, எத்தனை மணிக்கு எரிந்தது என்றுகூடச் சொல்லிவிடுவார்களா?

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை 162/100.

மெக்கானிக் பாண்டித்துரை இரண்டு ஆட்களோடு வந்தார். முக்காலி நட்டு, சங்கிலி மாட்டி, இருபதடிக் குழாய் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். பத்துக் குழாய். கடைசியில் மோட்டார் வந்தது, கரிக்கட்டை மாதிரி. பாண்டித்துரை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, போருக்குள் ஒரு கயிற்றை விட்டுப் பார்த்தார்.

"தண்ணி கீழ போயிருச்சுக்கா. மோட்டார் நிக்கிற எடத்துல தண்ணியே இல்ல. வெறுசா ஓடியிருக்கு, எரிஞ்சிருக்கு."

"யாரு ரொம்ப நேரம் ஓடவிட்டதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள் சகாயராணி.

"யாரு போட்டிருந்தாலும் எரிஞ்சிருக்கும். அன்னைக்குத் தப்பிச்சா மறுநா எரிஞ்சிருக்கும். மனுசங்க மேல குத்தமில்ல. கோடை மேலதான் குத்தம்."

சகாயராணி என் பக்கம் வந்து கையைப் பிடித்தாள். எல்லார் முன்னாலும். "மன்னிச்சுக்கடி லோசனி. ஒன்னையச் சந்தேகப்பட்டுட்டேன். பதினோரு வருசம் பழகுனவள நோட்டீசு வரைக்கும் கொண்டுவந்துட்டேன். இன்னைக்கே அவனுக்குப் போன் பண்ணி வாபஸ் வாங்கச் சொல்றேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"பரவால்லக்கா" என்றேன்.

சாயங்காலம் தூக்குவாளியில் மீன் குழம்பு வந்தது.

ஏப்ரல் 30, புதன்

164/102. குழம்பு நன்றாக இருந்தது. முழுக்கச் சாப்பிட்டேன். வாளியைக் கழுவிக் கொடுத்தேன்.

மே 3, சனி

மோட்டாருக்குப் புதுக் கம்பிச் சுருள் கட்டி, மூன்று குழாய் கூட்டி இன்னும் கீழே இறக்கிவிட்டார்கள். தண்ணீர் வந்தது. முதலில் செம்மண்ணாக, பிறகு தெளிவாக. அவள் கைதட்டினாள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று பாண்டித்துரை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முன்பு ஒரு மணி நேரம் ஓடும். இனி ஒற்றைப்படைக்குப் பதினைந்து, இரட்டைப்படைக்குப் பதினைந்து.

இன்றைக்கு ஒற்றைப்படை. ஆனாலும் முதல் குடத்தை அவளையே பிடிக்கச் சொன்னேன். "என்னடி ஒரேயடியா நல்லவளாயிட்ட?" என்றாள்.

166/100.

மே 5, திங்கள்

டாக்டரம்மாவிடம் போனேன். முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு. டைரியைப் புரட்டிக்கொண்டே போனார். "என்னம்மா இது? பிரஷரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு" என்றார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப்போனார். அங்கேயே நின்றார்.

"கருகல் வாடை வந்துச்சு. உடனே ஓடிப்போய் என்ன பண்ணீங்க?"

"அதை அடிச்சிருக்கேன் டாக்டர்."

"ஒரே ஒரு கோடுதானே போட்டிருக்கீங்க. நல்லாத் தெரியுது."

வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருந்தாலும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"சுவிட்சை அணைச்சேன்" என்றேன்.

"யார் போட்ட சுவிட்சை?"

நான் டைரியை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அவர் மாத்திரையின் அளவைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "மாத்திரையைக் கூட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பாப்போம். அதுக்குள்ள பேச வேண்டியவங்ககிட்ட பேசிட்டு வாங்க" என்றார்.

மே 6, செவ்வாய்

இனி அடிக்காமல் எழுதுகிறேன்.

ஏப்ரல் எட்டாம் தேதி அவள் கன்று வாங்க ஒட்டன்சத்திரம் பக்கம் போயிருந்தாள். ஒரு கல்யாண வீட்டு ஆர்டருக்கு எனக்கு அரிசி ஊறப்போட வேண்டும், தொட்டியில் தண்ணீர் இல்லை. அவள் முறை என்று தெரிந்தேதான் மோட்டாரைப் போட்டேன். அரை மணி நேரத்தில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நித்திலா போன் செய்தாள். மறந்துவிட்டேன். வாடை வந்த பிறகு ஓடிப்போய் அணைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து உளுந்து புடைத்தேன். அவள் திரும்பி வந்து, சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "யாரு எரிச்சது?" என்று கேட்டபோது, "ஒன் முறைதானே, நீயே எரிச்சிருப்ப" என்று சொன்னேன். அதைச் சத்தமாகவும் சொன்னேன்.

இன்று காலை பத்து மணிக்கு அவள் நர்சரிக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். அவள் ஒரு கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நாந்தேன்க்கா போட்டேன்."

அவள் கையை நிறுத்தவில்லை. "தெரியும்னு சொல்வேன்னு நெனச்சியா? எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. பாண்டித்துரை சொன்னவுடனே, நீ அப்படிப் பண்ணியிருக்க மாட்டன்னு நம்பிட்டேன்."

"தண்ணி கீழ போனதாலதான எரிஞ்சுச்சு. அவரே சொன்னாரே, யாரு போட்டிருந்தாலும்னு..."

"மோட்டார் கெடக்குடி! நான் எல்லாருக்கும் முன்னாடி ஒன் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேனே, அப்ப வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? 'பரவால்லக்கா'ங்கிற! மீன் கொழம்பையும் தின்னுட்டு, வாளியையும் கழுவிக் குடுத்திருக்க!"

"கழுவாமக் குடுத்தா நல்லாருக்காதுன்னு..."

"போ. மொதல்ல இங்கருந்து போ."

வந்துவிட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நன்றாகப் பசித்தது. அது எனக்கே அவமானமாக இருந்தது.

மே 7, புதன்

பேசவில்லை.

மே 8, வியாழன்

பேசவில்லை. அவள் முறை. சரியாகப் பதினைந்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினாள். தெருவுக்கே கேட்கும்படி நிறுத்தினாள்.

மே 9, வெள்ளி

பிரஷர் 134/86. இறங்கியிருக்கிறது. இப்போது இறங்கி என்ன பயன்?

நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை வாங்கினேன். காதர் மொய்தீன் சார் "உங்க பங்காளி எங்க?" என்று கேட்டார். வருவாங்க என்று சொன்னேன். பொய். இன்னொரு பொய்.

மே 11, ஞாயிறு

132/84.

சர்ச் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கிரைண்டரை நிறுத்தினேன்.

"அஞ்சு நாளா ஒன்னையப் பத்தித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். கோபம் போகமாட்டேங்குது."

"தெரியுதுக்கா."

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. சொல்லணும்னு யாரும் ஒன் கழுத்தப் பிடிக்கல. அதையும் நெனச்சுப் பாக்கேன். இது வந்தா அது போகுது, அது வந்தா இது போகுது. இன்னைக்குப் பூசையில சாமியார் என்ன சொன்னாருன்னு ஒரு வார்த்தை காதுல விழல."

"உள்ள வாங்கக்கா. உக்காருங்க."

"உக்கார வரல." அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஊறப்போடாத அரிசி மூட்டையும் காலித் தொட்டியும் கண்ணில் பட்டிருக்கும். "நாளைக்கு எத்தனை கடைக்கு ஆர்டரு?"

"எட்டுக் கடை. இன்னைக்குத் தண்ணி பத்தல. நாலு கடைக்கு இல்லன்னு சொல்லிட்டேன்."

"நாளைக்கு ரெட்டைப்படை."

"தெரியும்."

"என் முறை."

"தெரியும்க்கா. நான் தொடவே மாட்டேன்."

"தொடாதன்னு யாரு சொன்னா?" குரல் ஏறியது. "திருடணும்னா சொல்லிட்டுத் திருடு. சுவிட்ச நீ போட்டுக்க, நிறுத்துறது நானு. போனக் கையில வச்சுக்கிட்டு நீ மோட்டார் பக்கம் நிக்கவே கூடாது."

சொல்லிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்துப் படியிறங்கிப் போனாள். நான் கிரைண்டரைத் திரும்பப் போடாமல் வெகுநேரம் நின்றேன்.

மே 12, திங்கள்

128/82.

மதில் பக்கம் நின்று, "ராணிக்கா, திருடப் போறேன்!" என்று சத்தமாகச் சொன்னேன். நாலு குடம். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ஐந்தாவது குடத்தை அவளே எடுத்து வைத்தாள்.